அத்தான் உட்கார்ந்த பத்து நாள்

அப்பாவைத் தூக்க நாலு தோள் வேண்டியிருந்தது. மகன் ஒரு தோள், சித்தப்பா பிள்ளைகள் இரண்டு தோள். நாலாவது மருமகனுடையது. அவர் வராததால் அந்த இடத்தில், உறவுக்காரர்களை ஏற்றி வந்த வேன் டிரைவர் வந்து நின்றான். பேர் தெரியாது, ஊர் தெரியாது. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, வாயிலிருந்த பீடியை மிதித்து அணைத்துவிட்டுத் தோள் கொடுத்தான். நல்ல மனசு. ஆனால் ஆள் குட்டை. வழி நெடுக அப்பா அவன் பக்கமே சாய்ந்துகொண்டு போனார். ஒன்பது வருஷமாகியும் அந்தச் சாய்வு மகனுடைய மனசில் நிமிரவில்லை.

மகன் லிப்ட் மெக்கானிக். கூட்டாளிகள் வைத்த பேர் பம்பரம். நின்ற இடத்தில் நிற்கமாட்டான், உட்கார்ந்தால் கால் தனியாக ஆடும். நாற்பத்தெட்டு வயதாகியும் காலில் சுடுதண்ணீர் பட்டவன் மாதிரிதான் நடை. அப்படிப்பட்டவனுக்கு உட்கார்ந்தே கெடுத்த ஒரு மனுஷன் அத்தானாக வாய்த்தார்.

அப்பா செத்த அன்று அத்தான் எங்கே இருந்தார்? வெளிநாட்டிலா, ஆஸ்பத்திரியிலா? ஒன்றும் கிடையாது. ஆறு மணி நேரப் பயணத் தூரத்தில் ஒரு கட்டடத்தின் முதல் மாடியில், கண்ணை மூடிக்கொண்டு இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருந்தார். பத்து நாள் மௌனத் தியானம். யாரும் யாரோடும் பேசக்கூடாது. வருகிறவர்களுடைய போனையெல்லாம் வாங்கி மாடிப்படி ஓரத்து இரும்பு அலமாரியில் பூட்டிவிடுவார்கள். வீட்டில் அவசரம் என்றால் கூப்பிட ஒரு நம்பரைக் கொடுத்துவிடுவார்கள். அந்த நம்பர் கட்டடத்துக் காவலாளியுடையது. காவலாளி வேறு யாருமில்லை, அத்தானேதான்! வருஷா வருஷம் வெளியே நின்று போனைப் பார்த்துக்கொண்ட மனுஷன், அந்த வருஷம் நானும் ஒரு தடவை உட்கார்ந்து பார்க்கிறேன் என்று உள்ளே போனார். போகும்போது எல்லாரையும் போலத் தன் போனையும் அலமாரிக்குள் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். அவசர நம்பர் அலமாரிக்குள்ளே போய்விட்டது. அது உட்கார்ந்தவர்களுக்கும் தெரியவில்லை, உட்காரவைத்தவர்களுக்கும் தெரியவில்லை.

அக்கா அப்போது அப்பாவுக்குத் துணையாக ஊரில் இருந்தாள். அவளும் தம்பியும் மாற்றி மாற்றிக் கூப்பிட்டார்கள். முப்பத்தொரு தடவை.

தியானத்தின் பத்து நாளும் முடிந்து, பதினோராம் நாள் சாயங்காலம் அத்தான் வந்து சேர்ந்தார். வாசலில் நின்று அழுதார். அக்கா உடனே மன்னித்துவிட்டாள். “பாவம், இவருக்கு எப்படித் தெரியும்? போன் பூட்டுக்குள்ள இருந்திருக்கு” என்று வந்தவர்களிடமெல்லாம் அவளே சொன்னாள். பம்பரத்துக்கு அது தொண்டையில் இறங்கவில்லை. நாலாவது மாடியில் குழாய் சொட்டினால் கீழே படுத்துக்கொண்டே எந்தக் குழாய் என்று சொல்கிற மனுஷனுக்கு, பத்தடி தூரத்தில் தன் போன் அடிப்பது கேட்காதா? ஒரே ஒரு கேள்விதான் அவனுக்கு: நிஜமாகவே தெரியாதா? நேருக்கு நேர் கேட்டுவிட வேண்டும். கேட்காமலே ஒன்பது வருஷம் ஓடிவிட்டது. இப்போது டாக்டர், அத்தானை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள், நாள் கணக்குதான் என்று சொல்லிவிட்டார். அந்தக் கேள்விக்கும் அதே நாள் கணக்குதான்.

அத்தானுக்கு நுரையீரல் போய்விட்டது. அந்த நோய்க்கும் அந்தக் கட்டடம்தான் ஆரம்பம். பன்னிரண்டு வயதில் அப்பா அம்மா இல்லாமல் மாமா வீட்டுக்கு வந்தார். மாமா என்றால் பம்பரத்தின் அப்பா. சோறு போட்டு, சட்டை தைத்துக் கொடுத்து, பிறகு பெண்ணையும் கொடுத்தவர். கல்யாணமான கையோடு அத்தான் பஞ்சுக் கிடங்கில் மூட்டை தூக்கப் போனார். நாலு மாடியும் பஞ்சு. பன்னிரண்டு வருஷம் அந்தத் தூசியைத்தான் மூச்சாக இழுத்தார். கிடங்கை மூடிய பிறகு சொந்தக்காரர் கட்டடத்தை மாடி மாடியாக வாடகைக்கு விட்டார். அத்தான் கட்டடத்தோடு சேர்ந்த தூண் மாதிரி அங்கேயே காவலாளியாக நின்றுவிட்டார். கீழ்த்தளத்தில் மோட்டார் அறைக்குப் பக்கத்தில் ஒரு ரூம், ஒரு சமையல்கட்டு.

வாடகைக்கு வந்தவர்கள் அத்தனை பேரும் புத்தரைக் கும்பிடுகிறவர்கள். ஆனால் மாடிக்கு ஒரு மாதிரி. அத்தான் படித்தது மூன்றாம் வகுப்பு. புத்தகத்தைப் பார்த்து ஒன்றும் தெரிந்துகொள்ளவில்லை. தரையைத் துடைத்துத் துடைத்துத் தெரிந்துகொண்டதுதான்.

பம்பரம் இந்த நகரத்துக்கு மாற்றலாகி மூன்று வருஷமாகிறது. அந்தக் கட்டடத்து லிப்டும் அவன் கைக்கு வந்தது. பழைய சரக்கு லிப்ட், இரும்புக் கம்பிக் கதவு. அத்தான் படுத்ததிலிருந்து அது வாரம் ஒரு தடவை நின்றுபோனது. முதல் இரண்டு தடவை பம்பரம் பிரேக்கைப் பார்த்தான், ரிலேயைப் பார்த்தான், மொட்டைமாடி மோட்டாரைக் கழற்றி மாட்டினான். மூன்றாவது தடவைதான் தெரிந்தது. நாலாவது மாடியில் கம்பிக் கதவு ஒரு விரல் அளவு திறந்திருந்தது. அப்படி இருந்தால் லிப்ட் நகராது. விரல் அக்காவுடையது.

“ஏன்க்கா, கூப்பிட்டா வரமாட்டேனா?”

“கூப்பிட்டா வேலை இருக்குன்னு சொல்லுவ. லிப்ட் நின்னா ஓடி வருவ. மனுஷன விட மிஷின் மேலதானேடா உனக்குப் பாசம்.”

“நின்னுட்டு போறேன்.”

“உட்காந்துட்டு போ. நாற்காலி கடிக்காது.”

உட்காரமாட்டான். கதவில் சாய்ந்துகொண்டு, கையில் ஸ்பேனரை உருட்டிக்கொண்டு நிற்பான். கட்டிலில் அத்தான், மூக்கில் குழாய், கட்டிலடியில் ஆக்சிஜன் மிஷின் புஸ் புஸ் என்று. கேள்வி நாக்கு நுனிவரை வரும். அந்த நேரம் பார்த்து அக்கா கஞ்சியோடு வருவாள். இல்லையென்றால் மாடியிலிருந்து யாராவது இறங்கி வருவார்கள். கேள்வியை விழுங்கிவிட்டு வேறு எதையாவது கேட்பான்.

அப்படித்தான் ஒருநாள், “ஒரே புத்தருதான? அப்புறம் எதுக்கு மாடி மாடியா பிரிச்சு வச்சிருக்காங்க?” என்று கேட்டுவைத்தான்.

அத்தானுக்கு நாலு வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு வாங்க வேண்டும். ஆனாலும் இதைக் கேட்டதும் முகம் தெளிந்தது.

“மொத மாடி தேரவாதம். பழசு. புத்தர் சொன்னத அப்படியே காப்பாத்தணும்னு இருக்கறவங்க. காவித் துணி பிக்குங்க. மத்தியானம் தாண்டினா சாப்பாடு கெடையாது. அதனால அந்த மாடியில சாயங்காலம் பாத்திரமே விழாது. ரெண்டாவதும் மூணாவதும் மகாயானம்.”

“அதுக்கு எதுக்கு ரெண்டு மாடி?”

“ரெண்டாவது மாடிக்காரங்க அமிதாப புத்தர் பேரச் சொல்லிக்கிட்டே இருப்பாங்க. நம்பிச் சொன்னா அடுத்த பொறப்பு அவரோட உலகத்துல. அங்க ஞானம் சுலபமா கெடைக்கும். மூணாவது மாடி ஜென். சுவத்தப் பாத்து உட்காருவாங்க. பேச்சே கெடையாது. தூங்குனா தோள்ல பலகையால ஒண்ணு வைப்பாங்க.”

“அது நல்லா இருக்கு. நாலாவது?”

“வஜ்ரயானம். மந்திரம், மணி, வெளக்கு, கலர் கலரா படம். குரு இல்லாம ஒண்ணும் நடக்காது. கோபத்தக்கூட தூக்கிப் போடாத, அதையே வெளக்குக்கு எண்ணெயா ஊத்துன்னு சொல்லுவாங்க. தொடைக்கறதுக்குக் கஷ்டமான மாடி. எல்லா எடத்துலயும் எண்ணெய்.”

பம்பரம் ஸ்பேனரை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினான். “மகாயானம்னா என்ன வித்தியாசம்?”

“நான் மட்டும் கரையேறினா போதாது. கடைசி உசுரு ஏறுற வரைக்கும் நானும் நிப்பேன்கறது. அப்படி நிக்கறவருக்கு போதிசத்துவர்னு பேரு.”

“அப்ப மொத மாடிக்காரன் படியேறிப் போறான். நடுவுல இருக்கறவன், எல்லாரும் ஏறினாத்தான் லிப்ட எடுப்பேன்கறான். ஓவர்லோடு! நாலாவது மாடிக்காரன் கம்பிக் கயித்தப் புடிச்சுட்டு நேரா மேல போறான். கை நழுவுனா போச்சு.”

அத்தான் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல், அக்கா ஓடிவந்து முதுகைத் தடவினாள். “வந்தா சும்மா இருக்கமாட்டியாடா?” என்று தம்பியை ஒரு முறை முறைத்தாள்.

இருமல் அடங்கியதும் அத்தான் விட்ட இடத்திலிருந்து பிடித்தார். “ஆனா மொத மாடிக்காரங்கள சுயநலம்னு நெனைக்காத. எல்லா உசுரும் நல்லா இருக்கணும்னு சொல்லித்தான் அவங்களுக்குக் காலையே விடியும். நாலு மாடிக்கும் அடித்தளம் ஒண்ணுதான். துக்கம் இருக்கு. அதுக்குக் காரணம் இருக்கு. காரணம் ஆசை, புடிச்சத விடாத புடி. அது தீரும். தீர்றதுக்கு வழி இருக்கு, எட்டுப் படி. நல்ல பார்வை, நல்ல எண்ணம், நல்ல பேச்சு, நல்ல நடத்தை, நல்ல பொழப்பு, நல்ல முயற்சி, அப்புறம் கவனம், கடைசியில அடங்கின மனசு.”

“இது எங்க கம்பெனியில குடுக்கற பேப்பர் அத்தான். கோளாறு இருக்கா, காரணம் என்ன, சரியாகுமா, எப்படிச் சரி பண்றது. இதச் சொல்ல அரண்மனைய விட்டுட்டுப் போகணுமா? அதுவும் பச்சப்புள்ளையும் பொண்டாட்டியும் தூங்கறப்ப?”

கடைசி வாக்கியம் சூடாக வந்துவிட்டது. அத்தான் அவன் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

“திரும்பி வந்தாரு மச்சான். பல வருஷம் கழிச்சு. ஊரே எதிர்கொண்டு போச்சு. அந்தம்மா மட்டும் எழுந்திருக்கல. என் மேல மதிப்பு இருந்தா அவரே வரட்டும்னு உள்ளயே இருந்துட்டாங்க. அவருதான் தேடிக்கிட்டு உள்ள போனாரு.”

“போய்?”

“அந்தம்மா அழுதாங்க. அவரு நின்னாரு.”

பம்பரத்துக்கு அந்த ரூமில் அதற்கு மேல் நிற்கமுடியவில்லை. எண்ணெய் விடவேண்டும் என்று சொல்லிவிட்டு லிப்டில் ஏறி நாலு மாடியும் போனான், இறங்கினான், மறுபடி போனான். எண்ணெய் டப்பா கீழே வண்டியிலேயே இருந்தது.

அடுத்த வாரம் லிப்ட் நிற்காமலே வந்தான். அக்கா முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. அத்தானுக்குக் கால் வீங்கியிருந்தது, கண் குழி விழுந்திருந்தது. கட்டிலைச் சுற்றி மாடிக்கு ஒருவராக நாலு பேர் நின்றிருந்தார்கள். எல்லாரும் மெதுவாகத்தான் பேசினார்கள், ஆனால் பேச்சுக்குள் ஒரு இழுபறி. முதல் மாடிப் பிக்கு, நேரம் வரும்போது நாங்கள் வந்து ஓதுகிறோம், தோன்றியதெல்லாம் மறையும் என்று புத்தர் சொன்னதை அவர் காதில் போடுவோம் என்றார். இரண்டாம் மாடி அம்மாள், மூச்சு நின்ற பிறகும் எட்டு மணி நேரம் உடம்பைத் தொடக்கூடாது, முறைவைத்துப் பேரைச் சொல்வோம் என்றாள். நாலாம் மாடிக்காரர், மூன்று நாள் அசைக்காமல் வைத்தால் நல்லது, நாற்பத்தொன்பது நாள் வாசிப்பு இருக்கிறது என்றார். மூன்றாம் மாடிக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. சும்மா நின்றார்.

“மூணு நாளா?” என்றார் அத்தான் படுத்தபடியே. “இந்த ரூம்ல ஃபேன் மட்டும்தான் இருக்கு சாமி.”

நாலாம் மாடிக்காரரே முதலில் சிரித்தார். பிறகு எல்லாருக்கும் இளகியது. போகும்போது பிக்கு அக்காவிடம், “பத்து நாள் உட்கார்ந்தவங்க எத்தனையோ பேரப் பாத்திருக்கேன். உங்க வீட்டுக்காரர் மாதிரி அசையாம உட்கார்ந்தவங்க ரொம்பக் கம்மி” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அக்காவுக்குக் கண் நிறைந்தது. “கேட்டியாடா? பத்தே நாள்தான் உட்காந்தாரு. அதுக்கப்புறம் இவருக்குக் கோபமே வந்ததில்ல. அப்பா போனதுகூடத் தெரியாம உட்காந்திருந்தாரே பாவம், அந்தப் புண்ணியம்தான்.”

பம்பரத்துக்குள் ஏதோ அறுந்தது. “புண்ணியமா? ஆமாக்கா, நல்ல புண்ணியம்! நாலாவது தோளுக்கு வேன் டிரைவரக் கூப்பிட்டோம். அந்தாளுக்கும் ஒரு பங்கு குடு!”

“டேய்!”

“அசையல, அசையல! சுவரும்தான் அசையல. அதையும் போய்க் கும்பிடு.”

அக்கா துவைத்த துணி வாளியைத் தூக்கிக்கொண்டு விடுவிடுவென்று மொட்டைமாடிக்குப் போய்விட்டாள். அழவேண்டும் என்றால் அவளுக்குத் துணி காயப்போட வேண்டும்.

ரூமில் மிஷின் மட்டும் புஸ் புஸ் என்றது. பம்பரம் ஜன்னலுக்குப் போனான், கதவுக்கு வந்தான், மறுபடி ஜன்னலுக்குப் போனான். இதுதான் நேரம். இதை விட்டால் கிடைக்காது. திரும்பி வாயைத் திறந்தான்.

“கேட்டுச்சு மச்சான்” என்றார் அத்தான்.

“எது?”

“போன். நீ கேக்க வந்தது அதான? மூணு வருஷமா கதவுல சாஞ்சு நிக்கற. எனக்குத் தெரியாதா?”

பம்பரத்தின் கையில் உருண்டுகொண்டிருந்த ஸ்பேனர் நின்றது.

“நாலாம் நாள் மத்தியானம்.” மூச்சு. “அதுவரைக்கும் முட்டி வலி, இடுப்பு வலி, எப்படா எழுந்து ஓடலாம்னு. உன்ன மாதிரிதான். அன்னிக்குத்தான் மொத தடவயா உள்ள அடங்குச்சு. கலங்கின தண்ணி தெளியுமே, அது மாதிரி. அப்ப அடிச்சுது. என் போன்னு எனக்குத் தெரியும்.”

“அப்புறம்?”

“சத்தம் வந்தா சத்தம்னு மனசுல குறிச்சுட்டு விட்டுடணும்னு சொல்லிக் குடுத்திருந்தாங்க. குறிச்சேன். விட்டேன். நின்னுது. மறுபடி அடிச்சுது. லிப்ட் நின்னிருக்கும், தண்ணி வரலன்னு யாராவது கத்துவாங்க, கத்தட்டும்னு நெனச்சேன். ஊர்ல மாமாவுக்கு உடம்பு சரியில்லன்னும் ஞாபகம் வந்துச்சு. வந்துச்சு மச்சான், பொய் சொல்ல மாட்டேன். அதையும் குறிச்சு விட்டுட்டேன்.”

மிஷின் சத்தத்துக்கு நடுவில் அவர் மூச்சைத் தேடிப் பிடித்தார்.

“இடுப்புல சாவி. பத்தடி தூரம். ஹால்ல அத்தன பேரும் நெளியறாங்க. நான் அசையல. எனக்கு எவ்வளவு பெருமையா இருந்துச்சு தெரியுமா? கிடங்குல மூட்ட தூக்கினவன், மூணாங்கிளாஸ், படிச்சவன்லாம் நெளியறான், நான் அசையல. மறுநாள் காலைல நிக்கற வரைக்கும் ஒவ்வொண்ணையும் எண்ணினேன். முப்பத்தொண்ணு.”

“போன்ல பாத்திருப்பீங்க.”

“அலமாரியத் தொறந்தப்ப போன் செத்துக் கெடந்துச்சு. காதால எண்ணினது.”

பம்பரம் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான். ஒன்பது வருஷமாகத் தேடிய பதில் கையில் வந்து விழுந்துவிட்டது. விழுந்ததும் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தான். கால் மட்டும் இன்னும் வேகமாக ஆடியது.

“உங்கள அடிக்கணும் போல இருக்கு.”

“அடி. கொழாயப் புடுங்கிடாத, அவ திட்டுவா.”

“சிரிப்பு வேறயா?”

“மொத மாடிக்காரங்க மேல தப்பில்ல மச்சான். வீடு எரிஞ்சாலும் உட்காருன்னு அவங்க சொல்லல. கவனமா இருன்னுதான் சொன்னாங்க. நான் கவனிச்சது போன இல்ல, என்னை. அப்புறம் நான் எந்த மாடியிலயும் உட்காரவே இல்ல. தொடப்பத்த எடுத்துட்டுத்தான் போனேன். கோபம் வரலன்னு உங்க அக்கா சொல்றா. யார் மேல கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை இருக்கு?”

மேலே, நாலு மாடிக்கும் மேலே, அக்கா வாளியைத் தரையில் நகர்த்தும் சத்தம் மாடிப்படி வழியாக வந்தது. அத்தான் கண்ணை மேலே உயர்த்தினார்.

“அவளுக்குத் தெரியாது. நூறு தடவ ஆரம்பிச்சுட்டேன். ‘அன்னிக்கு போன்...’ன்னு நான் வாயத் தொறந்தாலே, பாவம் உங்களுக்கு எப்படித் தெரியும்னு அவளே முடிச்சுடுவா. எனக்கும் அது வசதியா இருந்துச்சு. இப்ப சொல்லி முடிக்க மூச்சில்ல. பாதியில நின்னா, மீதிய மறுபடி எனக்குச் சாதகமா அவளே சொல்லிக்குவா.”

“அதுக்கு?”

“நீ சொல்லு.”

“நானா? இப்பவா? இந்த நெலமையிலயா? வேணும்னா... அப்புறமா சொல்றேன். எல்லாம் முடிஞ்சப்புறம்.”

“முடிஞ்சப்புறம் சொன்னா அவ யாரப் போய்த் திட்டுவா? போட்டோவையா?” அத்தான் கை நீட்டி அவன் மணிக்கட்டைப் பிடித்தார். பிடியில் பலமே இல்லை, ஆனால் விடவில்லை. “அவ அப்பா அவரு. திட்டறதுக்கு அவளுக்கு ஆள் வேணும். நான் இருக்கறப்பவே வேணும்.”

“என்னால முடியாது அத்தான். அக்கா மூஞ்சியப் பாத்து எப்படிச் சொல்றது?”

“ஒம்பது வருஷம் என் மூஞ்சியப் பாத்தியே. அத விடவா கஷ்டம்? மேலதான் இருக்கா. போ. கொறைச்சுச் சொல்லாத. என்னை நல்லவனாக்காத. ஞாபகம் வந்தும் விட்டேன்னு சொல்லு. பெருமைப்பட்டேன்னு சொன்னேன்ல, அதையும் சொல்லு. சொல்லிட்டு அவள மட்டும் கீழ அனுப்பு. நீ கூட வராத.”